அன்னாளம்மாவுக்கு வச்ச புள்ளிகள்

இத நீங்க நம்பணும்னு நான் மல்லுக்கட்டப் போறதில்ல. அதுக்கெல்லாம் எனக்குத் தெம்பு இல்ல. ஆனா நடந்தது நடந்ததுதான். போன நவம்பர் மழையில, திண்டுக்கல் பேகம்பூர்ல, என் கடையிலயே நடந்துச்சு. என் வீட்டுக்காரி இஃப்பத்துக்குப் பாதி தெரியும். மீதிய இன்னைக்குத்தான் வெளிய சொல்றேன்.

பேய்க்கதைன்னா நடுச்சாமம், சுடுகாடு, புளியமரம்னு ஆரம்பிப்பாங்க. என்கிட்ட அது எதுவும் கிடையாது. சாயங்காலம் ஏழு மணி. தலைக்கு மேல டியூப்லைட் எரியுது. கீழ புரோட்டாக் கடையில கொத்துற சத்தம் காதப் பொளக்குது. அம்புட்டு வெளிச்சத்துலயும் சத்தத்துலயும்தான் நடந்துச்சு.

என் பேரு முகமது ரஃபீக். டி.டி.பி. வேலை. ஒரு காலத்துல கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ்னு ஓடுன கடை. இப்ப அதெல்லாம் ஆளாளுக்கு போன்லயே செஞ்சுக்கிறாங்க. அதனால நான் பழைய மின்புத்தகத்தப் புதுசா மாத்திக் குடுக்குற வேலைக்கு வந்துட்டேன். பதினஞ்சு இருபது வருஷத்துக்கு முன்னாடி செஞ்ச மின்புத்தகம் இப்ப இருக்குற போன்ல தொறக்காது. அந்த ஃபைல் ரகமே செத்துப் போச்சு. அதப் பிரிச்சு, சுத்தம் பண்ணி, இ-பப்னு ஒரு ரகத்துல மறுபடி கட்டணும். இ-பப் ஒரு கம்பெனிக்கும் சொந்தமில்ல, எல்லாருக்கும் பொது. எந்த போன்லயும் தொறக்கும். போனே வாய்விட்டு வாசிச்சும் காட்டும்.

கேக்க நல்லாத்தான் இருக்கும். செஞ்சு பாத்தா கண்ணு அவிஞ்சு போகும். பழைய ஃபைல் பூரா குப்பை. உடைஞ்ச எழுத்து, அர்த்தமில்லாத கோடு, பக்கத்துக்குப் பக்கம் வெத்து வரி. அதக் கூட்டிப் பெருக்க ஒரு கட்டளை எழுதி வச்சிருக்கேன். ஒரு தட்டு தட்டுனா மொத்தக் குப்பையும் போயிரும். ஃபைலும் அதே இடத்துல புதுசா பதிஞ்சிரும். இன்னொண்ணும் சொல்லிர்றேன், எங்க தொழில்ல மேட்டரப் படிக்க மாட்டோம். எழுத்த மட்டும்தான் பாப்போம். மேட்டரப் படிச்சுக்கிட்டு இருந்தா பொழப்பு ஓடாது.

அன்னைக்குத் திங்கக்கிழமை. சென்னை ஏஜென்சி ஒண்ணு ஒரு மூட்டை ஃபைல அனுப்பிட்டு உயிர எடுத்துக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு நாளா சரியான தூக்கம் இல்ல. கழுத்து திரும்பல. அப்பதான் இரும்புப் படியில யாரோ ஏறி வர்ற சத்தம் கேட்டுச்சு. என் கடை மாடியில இருக்கு. படி வெளிய, இரும்புல. பூனை ஏறுனாக்கூட டங்கு டங்குன்னு கேக்கும்.

வந்தவரு கிளெமென்ட் சார். வடமதுரைப் பக்கம் ஒரு ஸ்கூல்ல வாத்தியார். மழையில நனைஞ்சு வந்து, கஸ்டமருக்குன்னு என் பின்னாடி போட்டிருக்குற பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்தாரு. ஒரு பென்டிரைவ நீட்டுனாரு.

"எங்கப்பா இருதயநாதன் செஞ்சது பாய். அப்பா இறந்து அஞ்சு வருஷமாச்சு. அம்மாவுக்குக் கண்ணு தெரியாது. படுத்த படுக்கை. சாயங்காலம் ஏழு மணி ஆனா அவங்களுக்கு ஜெபம் வேணும். அதுக்காக அப்பா தான் இருக்கும்போதே ஜெபம் பூரா டைப் அடிச்சு மின்புத்தகமாப் போட்டு, பழைய லேப்டாப்ல மிஷின் குரல் வாசிக்கிற மாதிரி பண்ணி வச்சிருந்தாரு."

"இப்ப?"

"லேப்டாப் செத்துருச்சு. ரிப்பேருக்கு ஆகாதுன்னு காயலான் கடையில போட்டாச்சு. இந்த ஃபைல் என் போன்ல தொறக்கல. அம்மா ஒரு வாரமா சரியா சாப்பிடல பாய். நானே உக்காந்து ஜெபம் சொல்றேன். மூஞ்சியத் திருப்பிக்கிறாங்க. அப்பா போட்டு வச்ச மாதிரி வேணும் அவங்களுக்கு."

நனைஞ்ச மூஞ்சியக் கர்சீப்பால துடைச்சாரு. அப்புறம், "டாக்டர் நாள் எண்ணச் சொல்லிட்டாரு. ஜெபம் சொல்ற நிம்மதியோடயாவது போகட்டும்"னாரு.

எனக்கு எங்கம்மா ஞாபகம் வந்துருச்சு. ஏஜென்சி வேலையத் தூக்கி ஓரமா வச்சுட்டு, இத உடனே பண்ணித் தாரேன்னு சொன்னேன். பென்டிரைவ்ல வைரஸ் இருந்துச்சு. ஃபைல மட்டும் எடுத்துக்கிட்டு, அவருகிட்டக் கேட்டுட்டு, பென்டிரைவத் துடைச்சுக் குடுத்துட்டேன். எல்லாருக்கும் அப்படித்தான் பண்ணுவேன்.

ராத்திரி ஃபைலத் தொறந்தா... அங்கங்க ஒரு வரி மேட்டர். அதுக்குக் கீழ வரிசையா புள்ளி. வரிக்கு ஒரு புள்ளியா கீழ கீழ இறங்குது. ஒரு இடத்துல பத்து, இன்னொரு இடத்துல இருபதுக்கு மேல. ஒரு ஒழுங்கே இல்ல. பெரியவரு கை நடுங்கி அடிச்சதுன்னு நினைச்சேன். தூக்கக் கலக்கம் வேற. கட்டளையத் தட்டுனேன். அம்புட்டுப் புள்ளியும் போச்சு. இ-பப் கட்டி வாட்ஸப்ல அனுப்பிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.

மறுநாள் மத்தியானம் கிளெமென்ட் சார் கூப்பிட்டாரு.

"பாய், என்ன பண்ணி வச்சிருக்கீங்க? மூச்சு விடாம ஓடுது. அம்மாவால கூட வர முடியல. கண்ணுல தண்ணியா ஊத்துது."

"குரல் வேகத்தக் குறைச்சுப் பாருங்க சார்."

"வேகம் இல்ல பாய். நடுவுல இடம் எங்க? எங்க ஜெபத்துல ஒருத்தர் முன்பாதி சொல்லுவாங்க. மத்தவங்க பின்பாதி சொல்லுவாங்க. வீட்ல எப்பவும் அப்பா முன்பாதி, அம்மா பின்பாதி. அந்த ஃபைல்ல முன்பாதி மட்டும்தான் இருக்கும். அம்மா பதில் சொல்றதுக்கு அப்பா இடம் விட்டு வச்சிருந்தாரு. அதக் காணோம்."

அப்பதான் உறைச்சுச்சு. புள்ளி! ஒவ்வொரு புள்ளிக்கும் மிஷின் குரல் ஒரு மூச்சு நேரம் நிக்கும். அந்தம்மா எந்த ஜெபத்த எவ்வளவு நேரத்துல சொல்லும், எங்க மூச்சு வாங்கும்னு அந்த மனுஷன் கூடவே உக்காந்து கேட்டுக் கேட்டு வச்சிருக்காரு. நான் குப்பைன்னு கூட்டித் தள்ளிட்டேன். என் கடையிலயும் பழைய ஃபைல் இல்ல. பென்டிரைவத் துடைச்சாச்சு. லேப்டாப் காயலான் கடைக்குப் போயாச்சு. இனி உலகத்துல எங்கயும் இல்ல.

"சார், தப்பு என்னோடது. சரி பண்ணித் தாரேன். அம்மா சொல்றத ஒருக்கா கேட்டா நான் அளந்து புள்ளி வச்சிருவேன். இன்னைக்கு ஏழு மணிக்குக் கூப்பிடுறேன். போன அவங்க பக்கத்துல வச்சிருங்க. இங்க மிஷின் ஒரு வரி சொல்லும். அவங்க பதில் சொல்லட்டும்."

"பாய், அம்மா வந்து..."

அவ்வளவுதான் கேட்டுச்சு. அந்தப் பக்கம் ஸ்கூல் பெல் அடிச்சுச்சு. சிக்னல் விட்டு விட்டு வந்துச்சு. "சரி... கூப்பிடுங்க..."ன்னு ஏதோ சொன்னாரு. கட் ஆயிருச்சு.

அந்தப் பாதி வாக்கியத்த நான் அப்பவே திரும்பக் கூப்பிட்டுக் கேட்டிருக்கணும்.

மகரிப் தொழுதுட்டு வந்து கடையில உக்காந்தேன். நல்ல மழை. ஏழு அடிக்க ரெண்டு நிமிஷம். ஃபைலத் தொறந்து வச்சுக்கிட்டேன். கிளெமென்ட் சார் நம்பரப் போட்டு, ஸ்பீக்கர்ல வச்சு, கீபோர்டு பக்கத்துல போன வச்சேன். ரிங் போகுது... போகுது... அந்த நேரம் பாத்து கரண்ட் ஒரு வெட்டு வெட்டுச்சு. மேசைக்குக் கீழ குனிஞ்சு யூ.பி.எஸ். சுவிட்சத் தட்டிட்டு நிமிந்தேன். ரிங் நின்னு போயிருந்துச்சு.

யாரோ மூச்சு விடுற சத்தம். வயசானவங்க மூச்சு.

"அம்மா, ரெடியாம்மா?"

"ம்."

மிஷின் குரலத் தட்டி விட்டேன். முதல் வரிய அது தகர டப்பாக் குரல்ல சொல்லி முடிச்சுச்சு. நான் நிறுத்துனேன்.

பதில் வந்துச்சு.

மெதுவான குரல். பல் போன வாய். ஒவ்வொரு சொல்லையும் தடவித் தடவி வச்ச மாதிரி சொல்லுது. நடுவுல ஒரு இடத்துல மூச்சு வாங்கி, மறுபடி பிடிச்சு, முடிச்சுச்சு. நான் அந்த நேரத்துக்குப் புள்ளி புள்ளியா தட்டிக்கிட்டே வந்தேன். அடுத்த வரி. அடுத்த பதில். அடுத்த புள்ளி. வேலை இம்புட்டு லேசா இருக்கேன்னு சந்தோஷமாக்கூட இருந்துச்சு.

போகப் போக அந்தம்மாவுக்குக் களைப்பு. முதல்ல பத்துப் புள்ளியில முடிஞ்சது அப்புறம் பதினஞ்சு ஆச்சு. எனக்கும் களைப்பு. கண்ணு தானா மூடுது. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் இழுத்துக்கிட்டுப் போன மாதிரி இருந்துச்சு.

சின்னச் சின்னதா சிலது சரியில்ல. இப்ப சொல்லும்போது பெருசாத் தெரியுது. அப்ப நான் கண்டுக்கல.

கிளெமென்ட் சார் பேசும்போது அம்புட்டு கரகரன்னு இருந்த லைன், இப்ப ஒரு கீறல் இல்ல. அந்தம்மா எச்சில் முழுங்குறதுகூடக் கேக்குது.

அப்புறம் ஒரு வாசம். அப்பதான் ஊதி அணைச்ச மெழுகுவத்தி வாசம். கூடவே தைலம். கீழ இருந்து வருதுன்னு நினைச்சேன். புரோட்டாக் கடையில ஏது மெழுகுவத்தி?

பின்னாடி பிளாஸ்டிக் நாற்காலி ஒரு தடவ கிறீச்சுன்னுச்சு... காத்தா இருக்கும்.

ஏழே முக்கால் இருக்கும். போன் அடிச்சுச்சு. இஃப்பத்.

"என்னங்க, சோறும் வெஞ்சனமும் ஆறுது. எப்ப வாரீக?"

"செத்த நேரம். முடியப் போகுது."

"கடையில யாரு? பொம்பளக் குரல் கேக்குது."

"கஸ்டமரோட அம்மா. போன்ல ஜெபம் சொல்றாங்க."

"எந்த போன்ல? இப்ப என்கூடல்ல பேசிக்கிட்டு இருக்கீக?"

"லைன்லதான் இருக்காங்க. வையி, வாரேன்."

"நல்லாத்தான் இருக்கு. பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரில்ல கேக்குது. யாருன்னு வீட்டுக்கு வாங்க பேசிக்கிறேன்"னு சிரிச்சுக்கிட்டே வச்சிட்டா.

ஒரு கால்ல இருக்கும்போது இன்னொரு கால் வந்தா டிக் டிக்னுதான் கேக்கும். இது முழு ரிங்கா அடிச்சுச்சு. ஏன்னு யோசிக்க வேண்டியதுதான. யோசிக்கல. தல அப்படிக் கனத்துக் கிடந்துச்சு.

கடைசி மன்றாட்டு வந்துச்சு. அதுக்கு அப்புறம் ஒரு 'ஆமென்' மட்டும்தான் பாக்கி. மிஷின் சொல்லி முடிச்சுச்சு. அந்தம்மா பதில் சொல்லுச்சு. நான் புள்ளி தட்டுறேன்.

அப்ப இரும்புப் படியில சத்தம்.

டங்... டங்... டங்...

மெதுவா ஏறி வருது. இஃப்பத்தே வந்துட்டாளோன்னு நினைச்சேன். சத்தம் வாசல்கிட்ட வந்து நின்னுச்சு. கதவு ஒருக்களிச்சுத்தான் இருந்துச்சு. யாரும் உள்ள வரல.

அந்தம்மா குரல் மறுபடி வந்துச்சு. ஜெபம் இல்ல. சாதாரணப் பேச்சு.

"இந்தா வந்துட்டேங்க... செத்த நேரம் இருங்க... இத முடிச்சுட்டு வாரேன்..."

அவங்க வீட்ல யார்கிட்டயோ பேசுறாங்கன்னு நினைச்சேன். என் விரல் பாட்டுக்குப் புள்ளி தட்டிக்கிட்டே இருந்துச்சு. அந்தப் பேச்சு முடிஞ்சும், ஒரு நீளமான மூச்சு அடங்குற வரைக்கும் தட்டிட்டேன். அப்புறமா அழிச்சுக்கலாம்னு விட்டேன்.

"முடிஞ்சதும்மா. வச்சிரவா?"

பதில் இல்ல.

போனப் பாத்தேன். திரை அணைஞ்சு கிடந்துச்சு. எந்திரிச்சுத் திரும்புனேன். வாசல்ல ஒருத்தரும் இல்ல. படியில மழைத்தண்ணி சொட்டுது. என் மேசையப் பாத்துப் போட்டிருந்த கஸ்டமர் நாற்காலி மட்டும் வாசலப் பாத்துத் திரும்பிக் கிடந்துச்சு. நான்தான் வரும்போது இடிச்சிருப்பேன்னு சொல்லிக்கிட்டேன். பயம் போக ஆயத்துல் குர்ஸி ஓதிக்கிட்டேதான் பூட்டுனேன், அது வேற விஷயம்.

கடைசிப் புள்ளிகள அழிக்க மறந்தே போச்சு.

"ஃபைல் ரெடி சார், நாளைக்குச் சாயங்காலம் நானே வீட்டுக்கு வந்து போட்டுத் தாரேன்"னு கிளெமென்ட் சாருக்கு மெசேஜ் விட்டேன். "ரொம்ப நன்றி பாய்"னு பதில் வந்துச்சு.

புதன்கிழமை ஆறரைக்கெல்லாம் மேட்டுப்பட்டியில அவங்க வீட்டுக்குப் போயிட்டேன். கிளெமென்ட் சாரோட மனைவி ரீனா, "வாங்கண்ணே"ன்னு கூப்பிட்டு ஒரு டீயக் குடுத்தாங்க. உள் ரூம்ல கட்டில். சாரோட அம்மா அன்னாளம்மா படுத்திருந்தாங்க. ஒரு கைப்பிடி எலும்பு. கண்ணு ரெண்டும் பால் படிஞ்சு போயிருந்துச்சு. தலமாட்டுல தைல பாட்டில். மாதா சுரூபத்துக்கு முன்னாடி ஒரு மெழுகுவத்தி.

நேத்து கடையில வந்த அதே வாசம். ஆனாலும் காட்டிக்கல.

"நேத்து அம்மா நல்லா பதில் சொன்னாங்க சார். அதான் வேலை சுளுவா முடிஞ்சுச்சு."

கிளெமென்ட் சார் என்னை ஒரு மாதிரி பாத்தாரு. "யாரு பாய்?"ன்னு கேட்டாரு.

நான் வாயத் தொறக்குறதுக்குள்ள கோயில் மணி அடிச்சுச்சு. ஏழு. கட்டில்ல கிடந்த உடம்புல ஒரு அசைவு. போன்ல ஃபைலப் போட்டு, தலையணை பக்கத்துல வச்சேன். மிஷின் குரல் முதல் வரியச் சொல்லுச்சு. நின்னுச்சு.

அன்னாளம்மா உதடு அசைஞ்சுச்சு.

சத்தம் இல்ல.

ஒரு பொட்டுச் சத்தம்கூட இல்ல. உதடு மட்டும் மெதுவா, தடவித் தடவி அசையுது. நடுவுல ஒரு இடத்துல மூச்சு வாங்குது. மறுபடி பிடிக்குது. உதடு நின்ன அதே நொடியில அடுத்த வரி வந்துச்சு.

ரீனாம்மா வாயப் பொத்திக்கிட்டு அழுதாங்க. "அப்படியே மாமா வச்ச மாதிரியே இருக்குண்ணே. எப்படிண்ணே அளந்தீக?"

"அம்மா... சத்தமாச் சொல்ல மாட்டாங்களா?"

"அத்தைக்குப் பேச்சு போயி ஏழு வருஷம் ஆச்சுண்ணே. பக்கவாதம் வந்ததுல இருந்து ஒரு சொல்லு வெளிய வரல. மாமா அவங்க உதட்டப் பாத்துத்தான் புள்ளி வச்சாரு."

நான் போனையும் அந்த உதட்டையும் மாத்தி மாத்திப் பாத்தேன்.

யோசிச்சேன். நேத்து போன எடுத்தது ரீனாம்மாவா இருக்கும். அத்தைக்குப் பதிலா அவங்க சொல்லியிருப்பாங்க. ஆமா, அப்படித்தான் இருக்கும்... ஆனா ரீனாம்மாவுக்கு முப்பத்தஞ்சு வயசுதான். கணீர்னு குரல். நான் கேட்டது பல் போன வாய்.

கேக்கலாம்னு பாத்தேன். ஜெபத்துக்கு நடுவுல கேக்க முடியல.

பாதி தாண்டுச்சு. அன்னாளம்மா மூஞ்சி தெளிஞ்சுக்கிட்டே வருது. ஒரு வாரமா சாப்பிடாத மூஞ்சி மாதிரியே இல்ல. கிளெமென்ட் சார் அம்மா கையப் பிடிச்சுக்கிட்டு முட்டி போட்டிருந்தாரு.

அப்பதான் எனக்கு ஞாபகம் வந்துச்சு.

கடைசிப் புள்ளிகள நான் அழிக்கல.

கை நீட்டி போன எடுத்துரலாமான்னு இருந்துச்சு. எடுத்தா அந்தம்மா ஜெபம் பாதியில நிக்கும். ரெண்டாவது தடவையும் நானே கெடுத்த மாதிரி ஆகும். எடுக்கல.

கடைசி மன்றாட்டு வந்துச்சு.

உதடு பதில் சொல்லுச்சு. முடிஞ்சுச்சு.

குரல் வரல. புள்ளி ஓடிக்கிட்டு இருக்கு.

"என்ன பாய், நின்னுருச்சா?"ன்னு கிளெமென்ட் சார் மெதுவாக் கேட்டாரு.

இல்லன்னு தலையாட்டுனேன்.

அன்னாளம்மா தல மெதுவா திரும்புச்சு...

வாசல் பக்கம்.

கண்ணு தெரியாத அந்த மூஞ்சியில ஒரு சிரிப்பு.

உதடு அசைஞ்சுச்சு.

எனக்கு அந்த உதட்டப் படிக்கத் தேவையே இல்ல. என்ன வரும்னு எனக்கு முன்னாடியே தெரியும்.

இந்தா... வந்துட்டேங்க...

செத்த நேரம்... இருங்க... இத முடிச்சுட்டு... வாரேன்...

நீளமா ஒரு மூச்சு வந்துச்சு. அடங்குச்சு.

"ஆமென்"னு போன் சொல்லுச்சு.

ஒரு புள்ளி கூடவும் இல்ல. குறையவும் இல்ல.

அதுக்கு மேல அந்த ரூம்ல நடந்தத நான் சொல்ல வேணாம். அழுகையும் ஓட்டமும்தான். அடக்கத்துக்குப் போயி கடைசி வரிசையில நின்னுட்டு வந்தேன். காய்ச்சல்ல கிடந்து மூணு நாள் கடை தொறக்கல.

ஒரு வாரம் கழிச்சு கிளெமென்ட் சார் கடைக்கு வந்தாரு. அதே பிளாஸ்டிக் நாற்காலியில உக்காரப் போனாரு. நான் என் ஸ்டூல இழுத்துக் குடுத்தேன்.

"உங்களாலதான் பாய் அம்மா நிம்மதியாப் போனாங்க. ஒண்ணு மட்டும் மனச அறுக்குது. கடைசியில உதட்டுல என்னமோ சொன்னாங்க. ஜெபம் இல்ல அது. என்னன்னு புரியல."

மறைக்க மனசு வரல. "இந்தா வந்துட்டேங்க, செத்த நேரம் இருங்க, இத முடிச்சுட்டு வாரேன்"னு சொன்னேன்.

அவரு ஸ்டூல விட்டு எந்திரிச்சுட்டாரு.

"ஞாயித்துக்கிழமை பூசைக்குக் கிளம்பும்போது அப்பா எப்பவும் வாசல்ல போயி நின்னுக்குவாரு. அன்னா, அன்னான்னு அவசரப்படுத்துவாரு. அம்மா அடுப்படியில இருந்துக்கிட்டு இதேதான் சொல்லும். சொல்லு மாறாம இதேதான். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"செவ்வாக்கிழமை போன்ல கேட்டேன் சார். நீங்க போன அம்மா பக்கத்துல வச்சீங்கல்ல, அப்ப. ரீனாம்மா எடுத்தாங்களோ என்னமோ."

"செவ்வாக்கிழமையா? அன்னைக்கு ஸ்கூல்ல மீட்டிங், நாளைக்குக் கூப்பிடுங்கன்னுல்ல சொன்னேன் பாய். போன் என் பையில சைலன்ட்ல கிடந்துச்சு. நான் வீட்டுக்கு வரவே ஒம்பது ஆயிருச்சு. உங்க மிஸ்டு கால் பாத்தேன். அதுக்குள்ள ஃபைல் ரெடின்னு மெசேஜும் இருந்துச்சு. சரி, வேற வழியில முடிச்சிட்டாரு போலன்னு விட்டுட்டேன்."

அவரு போனதுக்கு அப்புறம் என் போன எடுத்துப் பாத்தேன். செவ்வாக்கிழமை, 6.58. கிளெமென்ட் சார். எடுக்கப்படலன்னு இருக்கு. அதுக்கு அப்புறம் இருக்குறது இஃப்பத்தோட கால் மட்டும்தான்.

இஃப்பத்துக்கிட்ட இது வரைக்கும்தான் சொல்லியிருக்கேன். மீதி இதுதான்.

அந்தக் குரல் போன்ல இருந்து வரல. அது எனக்கு அன்னைக்கே தெரியும், கண்டுக்கலன்னு சொன்னது பொய். ரெண்டாவது பதில்லயே தெரிஞ்சு போச்சு. என் முதுகுக்குப் பின்னாடி, அந்த நாற்காலியில இருந்துதான் வந்துச்சு. கிட்டத்தட்ட ஒரு மணி நேரம்... திரும்பிப் பாக்கத் தெம்பு இல்லாம புள்ளி வச்சுக்கிட்டு இருந்தேன்.